தலையை முகர்ந்து சேர்க்கிற பள்ளி

ஆம்பூருக்கு நான் போனது என் எழுத்தை நானே மெச்சிக்கொள்வதற்காக. கௌரவமான காரணம் ஏதாவது சொல்ல ஆசைதான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த ஊரில் தோல் பதனிடும் டேனரிகளில் கூலி வேலை செய்கிறவர்களின் குழந்தைகளுக்காக ஒரு மாதர் சங்கம் சிசு வகுப்பு நடத்துகிறது. மூன்று வயது முதல் ஐந்து வரை. ஞாயிறுதோறும் தாய்மார்களுக்கும் பாடம் உண்டு. அந்தப் பாடத்துக்கான பதினாறு பக்கப் புத்தகத்தைச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு எழுதிக் கொடுத்தவள் நான். தங்கள் ஊரிலும் இப்படியொரு பள்ளி வைக்க நினைக்கும் சகோதரிகளுக்கு உதவும் என்று, போன மாசியில் நேரில் பார்த்து எழுதக் கிளம்பினேன்.

சென்ட்ரலில் பகல் பதினொன்று இருபதுக்கு பாசஞ்சர். நூற்றுப் பதிமூன்று மைல்; மூன்றாம் வகுப்புக்கு ஒன்றேமுக்கால் ரூபாய். காட்பாடியில் வண்டி இருபது நிமிஷம் நிற்கும். சாப்பிட வேண்டியதை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். ஆம்பூருக்கு முன்னால் ஆம்பூரின் வாடை வந்துவிடும், பிறகு சோறு இறங்காது. நாலு நாற்பதுக்கு இறங்கினேன். சத்திரம் அரை மைல்; ஜட்காவுக்கு இரண்டணா. வண்டிக்காரர் பாஷா பாய், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாமா, ஊருக்குப் புதுசா? ரெண்டு நாள் இருந்தா வாடையே தெரியாது. எங்களுக்கெல்லாம் மூக்கு எப்பவோ செத்துப்போச்சு."

மறுநாள் விடியற்காலையில் சத்திரத்துக் கிணற்றில் குளித்தேன். தண்ணீர் பழுப்பு நிறம். உதட்டில் பட்டால் உப்பு. சோப்பு நுரைக்கவே இல்லை. காய்ந்த பிறகு தலைமயிர் தேங்காய் நார் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. நான் காவேரிக்கரைக்காரி. குளித்துவிட்டு வந்தும் எரிச்சலாக இருந்தது அன்றுதான். சத்திரக்காரரைத் திட்டிக்கொண்டே ஏழேகாலுக்குப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பள்ளி என்னவோ அழகாகத்தான் இருந்தது. ஓடு போட்ட ஒரு கூடம், பெருக்கிய வாசல், பாய்கள், எண்ணிப் பழக மரமணிகள், நடுவில் எனக்கென்று ஒரு நாற்காலி. டீச்சரம்மா வாசற்படியில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொரு குழந்தையின் உச்சந்தலையையும் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அது என் புத்தகத்தின் நாலாம் பக்கம். "குளிப்பாட்டாத குழந்தையை அதன் தலையை முகர்ந்தே கண்டுபிடிக்கலாம். வாடை இருந்தால் திருப்பி அனுப்புக. மூன்று முறை அனுப்பியும் திருந்தாத தாயின் குழந்தையைப் பட்டியலிலிருந்து நீக்குக." எழுதும்போது வெகு நன்றாக இருந்தது.

அப்போதுதான் பச்சையம்மா வந்தாள். டேனரியில் ஆவாரம்பட்டை இடிக்கிறவள். இடுப்பில் நாலு வயது மகள் குப்பு. தலை இன்னும் ஈரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. டீச்சரம்மா முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வாடை அடிக்குது பச்சையம்மா. இதோட மூணாவது தடவை."

"விடியக்காத்தால மூணு தபா ஊத்தினேன் டீச்சரம்மா. சீக்கா போட்டுத் தேச்சேன். எங்க கெணத்துத் தண்ணிக்கே அந்த நாத்தம். நான் இன்னா பண்ணட்டும்?"

"பாலாத்து ஊத்துத் தண்ணியில குளிப்பாட்டணும்."

"அது ஒன்றரை மைலு. ஒரு கொடம் கொண்டாந்தா குடிக்கறதுக்கே பத்தலை. எட்டு மணிக்கு டேனரி மணி அடிச்சுரும்." குரலைத் தணித்துச் சொன்னாள். "போன வருசம் இவ அண்ணன் டேனரியில, தோல் ஊறவெக்கிற சுண்ணாம்புக் குழியில கால வுட்டுட்டான். ரெண்டு காலும் வெந்து, இப்ப தேச்சிக்கினேதான் போறான். இவளயும் அங்க இட்டுனு போவச் சொல்றீங்களா?"

நான் நடுவில் புகுந்து, புத்தகத்தை எழுதியவளே நான்தான், அந்த வரியை அடித்துவிடுங்கள் என்றேன். டீச்சரம்மா கெட்டவர் இல்லை. கண் கலங்கித்தான் நின்றார்.

"எழுதினது நீங்கதான்மா. ஆனா சங்கத்துல தீர்மானமாப் போட்டுட்டாங்க. மாத்தணும்னா கமிட்டி கூடணும். அடுத்த கூட்டம் ஆடியில. நானா சேத்துக்கிட்டா என் வேலை போய்டும்."

டீச்சரம்மா பட்டியலில் குப்புவின் பெயரை அடித்தார். டேனரி மணி அடித்தது. பச்சையம்மா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். குப்புவின் ஈரத்தலை வாடை எனக்கும் அடித்தது.

"நீங்க எழுதினதாமா? ஞாயித்துக்கிழமை படிச்சுக் காட்டினாங்க, நல்லாதான் இருந்துச்சு. எழுதறதுக்கு முன்னாடி எங்க கெணத்த வந்து பாத்தீங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு டேனரிப் பக்கம் நடந்தாள்.

கமிட்டித் தலைவரைப் போய்ப் பார்த்தேன். அவருடைய டேனரியின் கழிவுநீர்தான் பச்சையம்மா தெருக் கிணற்றை ஒட்டி ஓடுகிறது. பள்ளிக்கு ஓடு போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். நன்றாக உபசரித்தார். என் புத்தகத்தைப் புகழ்ந்தார். நாலாம் பக்கம் மிகவும் பிடித்ததாம். கிணற்றைப் பற்றிக் கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார்.

மத்தியானம் இரண்டு பத்து வண்டியில் திரும்பினேன். போக நினைப்பவர்களுக்கு: குடிக்கக் காட்பாடித் தண்ணீரை ஒரு கூஜாவில் எடுத்துப் போங்கள். சத்திரத்தில் அறைக்கு நாலணா, பாய் தருவார்கள். பள்ளி வைக்கப் போகிறவர்கள், பாடம் எழுதுவதற்கு முன்னால் அந்தத் தெருக் கிணற்றில் ஒரு குடம் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எனக்குத் தெரியாத பழமொழியா என்ன? என் புத்தகம் உங்களிடம் இருந்தால் நாலாம் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள்.

வண்டியில் பக்கத்திலிருந்த அம்மாள் மேற்கே தொலைவிலிருந்து வருகிறவள். என் பக்கம் ஒருமுறை திரும்பி மூக்கைச் சுளித்தாள். பிறகு ஜன்னலோரம் நகர்ந்துகொண்டாள். பின்னலை முன்னால் இழுத்து முகர்ந்து பார்த்தேன். காலையில் அந்த வாசற்படியில் குப்புவின் தலையில் அடித்த அதே வாடை. எனக்கு மட்டும் உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள்.