பக்கத்து மேசை மீட்டர்

அன்று கிள்ளானில் எனக்கு டெக்னீஷியன் செய்முறைத் தேர்வு. ரவாங் தொழிற்சாலையில் என் பதவி உயர்வு அதை நம்பித்தான் இருந்தது. தொடர் இணைப்பில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்களின் வோல்டேஜையும் கரண்டையும் அளக்க வேண்டும். பதற்றத்தில், கரண்ட் அளக்கும் நிலையிலேயே மீட்டரை நேராக பவர் சப்ளையில் வைத்துவிட்டேன். மீட்டருக்குள் இருந்த ஃபியூஸ் போய்விட்டது. அதன் பிறகு எப்படி இணைத்தாலும் கரண்ட் பூஜ்யம்தான்.

தேர்வு அதிகாரியிடம் சொன்னேன். "ஸ்பேர் மீட்டர் இல்லம்மா," என்றார். எனக்கு அழுகை முட்டியது.

பக்கத்து மேசையில் இருந்த, முன்பின் தெரியாத ஒருவர் கை தூக்கினார். "சார், என் மீட்டர கொடுக்கலாமா? அக்கா, நீங்க முடிங்க லா."

அதிகாரி தலையசைத்தார். மீட்டர் கொடுத்தவர் தன் தேர்வை முடித்துவிட்டார் என்றே நினைத்தேன். அவசரமாக அளந்து எழுதிவிட்டுத் திரும்பியபோதுதான் அவருடைய தாளைப் பார்த்தேன். கரண்ட் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

மீட்டரை அவர் கையில் திணித்தேன். நேரம் முடியப்போகிறது. அவர் வயரைப் பிரித்து மீட்டரை இடையில் சேர்ப்பதற்குள் நான் கடிகாரத்தை நாலு முறை பார்த்துவிட்டேன். திரையில் எண் தெரிந்த பிறகுதான் மூச்சே வந்தது.

வெளியே வந்ததும், "முடிக்காமலே ஏன் கொடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க அழுதா எனக்கும் கை ஓடாது அக்கா," என்று சிரித்தார்.

நான் தேறினேன். ஆனால் இன்னொருவர் தேற வேண்டுமே என்று அவ்வளவு பதறியது எனக்கு அதுதான் முதல்முறை.