அசையக் கூடாத கோடு

உஸ்மாவுக்குச் சூரியன் என்றால் கணினித் திரையில் தெரியும் மங்கலான சில கோடுகள்தாம். காற்று மண்டலம் தரைக்கு விடாத புற ஊதா ஒளியை, செயற்கைக்கோள் ஒன்று மேலேயே கோடுகளாகப் பிரித்து அனுப்பும். சூரியனைச் சூழ்ந்த கரோனாவின் கொதிக்கும் வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு ஒரு பக்கம் நகரும், விலகினால் மறுபக்கம். ஓரிடத்தில் வாயு பீறிட்டு வெளியேறுவதாக உஸ்மா எழுதிய கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது.

பாதிக் கட்டுரையை அவள் எழுதியது பூந்தமல்லியில், டயாலிசிஸ் வார்டில், அத்தா அப்துல் கையூமின் கட்டிலோரம். சேதி கேட்டதும் அவர் ஊசி ஏற்றிய கையை அசைக்காமல் அடுத்த கட்டில் கங்காதரனைக் கூப்பிட்டார்.

"அண்ணாத்தே, எம் பொண்ணு சூரியன்ல காத்து அடிக்கிறத கண்டுபுடிச்சிகீது!"

அச்சுக்குப் போகுமுன் படங்களைச் சரிபார்க்கையில் இன்னொரு கோடு அவள் கண்ணில் பட்டது. கரோனாவுக்குக் கீழே, குளிர்ந்த அடுக்கிலிருந்து வரும் கோடு ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். அதுவும் அதே அளவு நகர்ந்திருந்தது. வாயு நகரவில்லை, செயற்கைக்கோள் சுற்றிவரும்போது சூடேறிய அதன் கருவிதான் இம்மி விரிந்திருந்தது. அதைக் கழித்துப் பார்த்தால் பீறிடலே இல்லை.

"யாரும் கவனிக்க மாட்டாங்க," என்றார் அவளுடைய ஆய்வு வழிகாட்டி ரவிச்சந்திரன். "உன் வேலை நீட்டிப்பே இதுலதான் நிக்குது."

வீட்டில் கணவன் அஜ்மல் கேட்டான்: "இன்னா பண்ணப் போற?"

"வாபஸ் வாங்கப் போறேன்."

"அத்தாகிட்ட இன்னா சொல்லுவ?"

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். வேலை போயிற்று.

அத்தாவுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியிருந்தது. "பேப்பர் வந்துச்சாம்மா?" என்றார்.

"வந்துகினே கீது அத்தா."

அந்த வாரமே அவர் மூச்சு அடங்கி மவுத்தானார். துக்கம் விசாரிக்க ஆவடியிலிருந்து கங்காதரன் தள்ளாடிக்கொண்டு வந்தார். "பாய்க்கு எப்பவும் உன் சூரியக் காத்துப் பேச்சுதாம்மா," என்றார்.

"அது தப்பாப் போச்சுங்க. நானே வாபஸ் வாங்கிட்டேன்."

"பாய்க்குத் தெரியுமா?"

தலையசைத்து மறுத்தாள்.

"நல்லதாப் போச்சு."

உஸ்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. அம்பத்தூரில் லென்ஸ் சோதிக்கும் வேலைக்கு இப்போது போய் வருகிறாள். அங்கே யாரும் அவளிடம் சூரியனைப் பற்றிக் கேட்பதில்லை.