நிவேதா என்ற பெயரில் ஒரு டிஷ்

1

"ஐப்பசி, வெள்ளி, மழை. நிவேதா. எம்ப்ரியோ ஒன்று. டிரான்ஸ்ஃபர் முடிந்தது. ரிசல்ட்:"

என் பழைய டைரியில் மையால் எழுதிய இந்தக் குறிப்பு இப்படி அரைகுறையாக நிற்கிறது. மற்ற எல்லாக் குறிப்புகளிலும் ரிசல்ட் எழுதியிருக்கிறேன்.

சென்னையில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் எம்ப்ரியோவை, அதாவது கருவை, லேபில் உருவாக்கும் எம்ப்ரியாலஜிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் களமருதூர். ஊரில் கேட்டால் 'லேப் வேலை' என்பேன். சர்க்கரை, உப்பு பார்க்கும் லேப் என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். சென்னை மட்டும் என்ன வாழ்ந்தது? காரில் வருகிறவர்கள் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தாலே கேட்பார்: "இன்னா சார், இன்னிக்கு எத்தினி புள்ள செஞ்சீங்க? ரேஷன் கார்டுக்கு ஒண்ணு கெடைக்குமா?" அவருடைய தங்கையே எங்களிடம் வந்துபோனது அவருக்குத் தெரியாது.

அடையாள அட்டை கட்டாயமாகாத காலம் அது. வெளியூர்க்காரர்கள் சிலர் வேறு பெயரில் பதிவு செய்வார்கள்.

2

ஆபரேஷன் தியேட்டருக்கும் லேபுக்கும் நடுவில் சிறிய ஜன்னல் உண்டு. கருவைக் கருப்பையில் வைக்கும் டிரான்ஸ்ஃபருக்கு முன் அதன் வழியாக நான் பெயர் கேட்பேன். மேசையில் படுத்திருப்பவர் சொல்வதும் கரு இருக்கும் சிறு வட்டத் தட்டான டிஷ்ஷில் எழுதியிருப்பதும் ஒன்றானால்தான் எம்ப்ரியோவைக் கதீட்டர் குழாயில் ஏற்றுவேன்.

"உங்க பேரு சொல்லுங்கம்மா."

"தனலட்சுமிங்க."

டிஷ்ஷில் இருந்தது நிவேதா.

டிஷ்ஷை இன்குபேட்டருக்குள் திரும்ப வைத்தேன். அந்தப் பெண் அழுதார். "பயத்துல நெஜப் பேரு வந்துட்சுங்க. எங்க வூட்டுக்காரரக் கேளுங்க."

பல வருட சிகிச்சையில் அவர்களுக்குத் தேறியது அந்த ஒன்றுதான். உறைநிலையிலிருந்து எடுத்தாகிவிட்டது. மறுபடி உறையவைத்தால் தாங்காது என்பது என் கணிப்பு. அன்று வைக்காவிட்டால் அதோடு சரி. ஆனால் வேறொருவருடையதாக இருந்துவிட்டால்?

கணவர் வராந்தாவில் நின்றார்.

"உங்க மனைவி பேரு?"

"நிவேதா."

"அவங்க வேற பேரு சொல்றாங்களே."

"மயக்கத்துல ஒளறுதுங்க. நிவேதாதான்."

மயக்க மருந்தே கொடுக்கவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர் அந்த எம்ப்ரியோவை இழந்துகொண்டிருந்தார். முகவரி தாம்பரம் என்றிருந்தது. பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு. வேறு வழி தெரியாமல் நானும் அதிலேயே பேசினேன்.

"அண்ணே, நான் களமருதூருங்க. நம்ம பக்கம்தான். இப்பிடியே பொய் சொல்லிக்கினு இருந்தீங்கன்னா உள்ள இருக்கிறத வைக்க முடியாது."

அவர் முகம் வெளுத்தது. யாருக்கு அஞ்சி அவ்வளவு தூரம் வந்தாரோ, அந்த ஊர்க்காரன் எதிரே நின்றான்.

"நம்ம பக்கமா," என்றார். பிறகு பர்ஸிலிருந்து மனைவியின் வாக்காளர் அட்டையை எடுத்தார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு அனுப்புகிற விவசாயி. "ஊர்ல தெரிஞ்சா, புள்ள எவனுதுன்னு கேப்பானுங்க சார். அதான்."

டாக்டர் அட்டையையும் நிவேதா பெயரில் இருந்த பதிவுப் படத்தையும் ஒப்பிட்டுக் கையெழுத்திட்டார். டிரான்ஸ்ஃபர் நடந்தது.

புறப்படும்போது மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "சார் ஊருக்கு எப்ப எப்ப வருவீங்க?"

அது அழைப்பு இல்லை என்று எனக்குப் புரிந்தது.

"ஜாஸ்தி வர்றதில்லீங்க," என்றேன்.

கரு தங்கியதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு அவர்கள் வரவில்லை. போன் அணைந்தே இருந்தது.

3

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெயரை நீங்கள் சொல்லி அவர்களைத் தலையாட்ட வைக்காதீர்கள். அவர்கள் வாயால் வரட்டும். அன்று "நிவேதாதானே?" என்று கேட்டிருந்தால் எந்தச் சிக்கலும் வந்திருக்காது, அவர்கள் ரிசல்ட்டுக்கும் வந்திருப்பார்கள். இன்னொரு நாள், இன்னொரு பெண்ணுக்கு, அதே கேள்வி தவறான டிஷ்ஷைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும்.

போன மார்கழியில் உளுந்தூர்பேட்டை பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். "ஏ நிவேதா, பஸ்ஸு வந்துட்சு, வா" என்று ஒரு குரல். திரும்பினேன். தனலட்சுமி. கடலை வண்டிப் பக்கமிருந்து ஒரு சிறுமி ஓடிவந்தாள். அவரும் என்னைப் பார்த்தார். சிறுமியின் தோளைப் பிடித்துத் தன் மறுபக்கம் நகர்த்திக்கொண்டு பஸ் ஏறினார். நான் பக்கத்தில் போகவில்லை.

அந்தப் பெயர் ஊருக்குப் பத்துப் பேருக்கு உண்டு. சிறுமி அவர் மகளா, அண்ணன் மகளா, தெரியாது. டைரியில் ரிசல்ட்டுக்கு எதிரே பென்சிலால் மட்டும் எழுதிவைத்திருக்கிறேன்: சரிபார்க்கப்படவில்லை.