மலைமேல் சொன்ன கிணறு

செட்டிகுளம் பக்கம் ஆறு கிணறு என் வெடியில் தண்ணீர் கண்டது. பிறகு வரதராஜன்பேட்டை வரைக்கும் போர்வெல் போட்டேன். சொந்தமாக இரண்டு வண்டி, மாடி வீடு, மகள் தேன்மொழிக்கு மனநலப் படிப்பு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கைதூக்கிவிட ஆள் கிடையாது. இப்படிப்பட்ட எனக்கே மனசுக்கு நோய் வந்தது. உங்களுக்கு வந்திருந்தால் வெட்கப்பட வேண்டாம்.

பெரம்பலூரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு அடைத்தது. கை மரத்தது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி (இதயத் துடிப்பை வரைந்து காட்டும் சோதனை) சுத்தமாக இருந்தது. மூன்று மாதத்தில் நான்கு முறை இப்படி ஓடினேன்.

"ஹார்ட்டு நல்லா இருக்குங்க ஐயா. மனசுலதான் ஏதோ கெடக்கு, பேசணும்," என்றார் டாக்டர். பதற்ற நோய் (காரணம் தெரியாமல் திடீரென வரும் உயிர்ப் பயம்) என்று எழுதி மாத்திரை கொடுத்தார்.

"பெத்தவங்களுக்கு நானே பாக்கக் கூடாதுப்பா. வேற ஆளுகிட்ட அழைச்சிட்டுப் போறேன்," என்றாள் மகள்.

"ஊரு சிரிக்கும். போ."

அவளுக்கும் அப்போது சிக்கல்தான். பச்சைமலைப் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றில் பயிற்சி. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் பேச்சையே விட்டிருந்தார். இவள் கேள்வித்தாளோடு இரண்டு முறை போனாள். எல்லோரும் "நல்லா இருக்கோம்" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை நான் கார் ஓட்டிப் போனேன்.

அந்தக் குடியிருப்பில் மூத்தவர் வெள்ளையம்மா. "தாள வண்டியில வச்சிட்டு வா கண்ணு. எங்க கொறயக் கேக்க வந்தவ மொதல்ல உன் கொறயச் சொல்லு. இங்க அதான் மொற," என்றார்.

தேன்மொழி தரையில் உட்கார்ந்து, படிப்பைப் பாதியில் விட்டுவிடுவேனோ என்ற தன் பயத்தைச் சொன்னாள். வெள்ளையம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீங்களுந்தான்."

"எனக்கென்ன கொற? ரெண்டு போர்வெல் வண்டி வச்சிருக்கேன்."

"வண்டியக் கேக்கலீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதோடு வாயும் திறந்துகொண்டது.

இருபது வயதில் நானும் தம்பி முருகேசனும் கிணறு வெட்டினோம். ஆறு குழியில் வெடிமருந்து வைத்துத் திரி கொளுத்தினேன். ஐந்துதான் வெடித்தது. நான் ஆறு என்று எண்ணிவிட்டேன். "வெடிச்சிருச்சு, எறங்குடா," என்றேன். அவன் கடப்பாரையைப் போட்டதும் ஆறாவது வெடித்தது. தம்பி அங்கேயே போய்விட்டான். அவனாகவே அவசரப்பட்டு இறங்கினான் என்று ஊருக்குச் சொன்னேன். என் மனைவிக்கும் அதையேதான் சொன்னேன்.

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. வாய் பேசாதிருந்த அந்தத் தாய் என்னைப் பார்த்தார். "சத்தம் இன்னும் கேக்குதா?"

"கேக்குதும்மா."

அதன்பிறகு அவர் தன் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வெயில் சாயும்வரை பேசினார். தேன்மொழி ஒரு எழுத்தும் எழுதவில்லை, கேட்டாள். மனநல மருத்துவம் என்றால் என்ன என்று அவள் படித்தது அன்றைக்குத்தான்.

பிறகு நானாகத் திருச்சியில் ஒருவரிடம் பேசப் போனேன். மாத்திரையும் தொடர்கிறது. நெஞ்சு இப்போதும் இறுகும். ஓடுவதில்லை, உட்கார்ந்து மூச்சை விடுகிறேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக எனக்கு அந்த ஒரு நாள் முடியாமலே இருந்தது. இப்போதுதான் அது பழைய நாளாகியிருக்கிறது.

மகள் ஆய்வேடு எழுதுகிறாள். வெள்ளையம்மாவின் முறையைச் சொல்லி, அவர் சம்மதத்தோடு எழுதியிருக்கிறாள், சரிதான். என்னைக் காணோம். "பேசுனவங்க பேரு வெளிய வரக் கூடாதுப்பா," என்கிறாள்.

நானே சொல்கிறேன், போடட்டும். அந்தத் தாய் பேசியது நான் பேசிய பிறகு. என் பெயரை முழுதாக எழுதட்டும். கீழேயே தம்பி பெயரையும் எழுதி, இறங்கச் சொன்னவன் நான்தான் என்றும் எழுதட்டும்.