சபைக்கு எடுத்து வைத்த பிடி அரிசி

தேவனுடைய வீட்டாரே, சாட்சி சொல்ல எழுந்தவர்கள் சிரித்த முகத்தோடு நிற்பதைத்தான் பார்த்திருக்கிறோம். எனக்கு அப்படி நிற்க வரவில்லை. கேட்டதில் பாதிதான் எனக்குக் கிடைத்தது. அந்தப் பாதிக்கு நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறேன். மீதியை நினைத்து நடுவில் அழுதுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பேர் எலிசா. தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்புக்காட்டு ஊர். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம், என் ஒரே மகள் ரூத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஊருக்கு இரண்டு பக்கமும் புளியமரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டர்கூட இல்லை. அவர்கள் கேட்டது நியாயமா இல்லையா என்று பேச நான் வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சியை வீட்டில் வைத்திருந்த எனக்கு, வலி கண்டால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்ற கவலை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் அரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்துத் தனி டப்பாவில் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை அதை எங்கள் சபைக் கோயிலில் இருக்கிற தகர டிரம்மில் கொட்டுவோம். மாதக் கடைசியில் அந்த அரிசியை ஏலம் விட்டு, வருகிற பணம் கோயில் கூரைக்குப் போகும். கூரை வேலை பாதியில் நின்றிருந்தது.

என் வீட்டுக்காரருடைய அக்கா கமலா எங்கள் தெருவிலேயே இருக்கிறார். சபையில் சேராதவர், மாரியம்மனைக் கும்பிடுகிறவர். நான் பிடி அரிசி எடுப்பதைப் பார்த்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“இன்னாடி எலிசா, கோயிலுக்குக் கூரை போடறதெல்லாம் ஒரு தர்மமா? பசின்னு வந்தவன் வயித்துல போட்டாதான்டி தர்மம்.”

“நீங்க திருவிழாவுக்கு மைக் செட்டு வைக்கறீங்களே அண்ணி, அது யாரு வயித்துல போச்சாம்?” என்று நானும் விடமாட்டேன். பேசி முடித்துவிட்டுக் குழம்பு மாற்றிக்கொள்வோம். ஆனாலும் அவர் கேட்டது எனக்குள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

அந்தச் சமயத்தில் கல்வராயன் மலையிலிருந்து கரும்புக்குச் சோகை, அதாவது காய்ந்த தோகை, உரிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். கூலி வாங்கிவருகிறேன் என்று போன மேஸ்திரி, சாலை நின்றதும் திரும்பவே இல்லை. ஆணும் பெண்ணும் கைக்குழந்தையுமாக வந்து எங்கள் கோயில் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள். வாய்விட்டு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகள்தான் அழுதன.

ரூத் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். “அம்மா, டிரம்முல அரிசி கெடக்குதே, ஆக்கிப் போடலாம்மா.”

“அது ஏலத்துக்குடி. மூப்பர் இன்னா சொல்வாரோ.”

“கூரை இல்லன்னு இயேசப்பா அழுதாரா? அந்தப் புள்ளைங்க அழுவுதும்மா.”

சபை மூப்பரிடம் போய்க் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். கள்ளக்குறிச்சியில் இருக்கிற போதகரைக் கேட்காமல் காணிக்கையில் கைவைக்கலாமா என்றார். நான் திரும்பி வருவதற்குள் ரூத் டிரம்மைத் திறந்து, காலை நீட்டி உட்கார்ந்து, அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கமலா அண்ணி பருப்போடு வந்து நின்றார்.

“உங்க கோயில் அரிசிக்கு எங்க மாரியாத்தா வூட்டுப் பருப்பு ஒத்துக்குமாடி?”

மூப்பர் பின்னாலேயே வந்து பார்த்தார். விறகு உடைக்க உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் ரூத்துக்கு வலி கண்டது. வலியோடு உதிரமும் போனது. ஊர் மருத்துவச்சி பார்த்துவிட்டு, “என்னால ஆவாதும்மா, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிடுங்க” என்று கையை விரித்துவிட்டார். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்க வைத்தோம். கமலா அண்ணியும் கூடவே கிளம்பினார். ஊர் எல்லை தாண்டியதும் முதல் மரம். அதற்கு அப்பால் இன்னொரு மரம். ஓரத்தில் பள்ளம், வண்டி இறங்காது. என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினேன். ‘ஆண்டவரே, ரெண்டு உயிரையும் கொடு’ என்று கேட்டேன். ‘இத்தனை வருஷம் பிடி அரிசி போட்டேனே, அதற்காகவாவது கொடு’ என்று கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் என் நெஞ்சே என்னைக் குத்தியது. திருப்பிக் கேட்கிறதற்காகவா கொடுத்தாய் என்று. ரூத்தின் முனகல் குறைந்துகொண்டே வந்தது. தேவன் என்னை விட்டுப் போய்விட்டார் என்றே நினைத்தேன். பொய் சொல்லமாட்டேன், அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது பின்னால் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. மலை ஆட்கள்தான். ஒருவர் தோளில் நீள மூங்கில், ஒருவர் கையில் கம்பளி. அவர்களில் மூத்தவர் அண்ணாமலை.

“வண்டி இன்னாத்துக்கும்மா? எங்க ஊருக்கு ரோடே கெடையாது. ஒடம்பு முடியாதவங்கள நாங்க எப்பவும் டோலி கட்டித்தான் எறக்கறோம். கொஞ்சம் தள்ளிக்கங்க.”

கம்பளியை மூங்கிலில் தூளி மாதிரி கட்டி, ரூத்தை அதில் கிடத்தித் தோளில் ஏற்றினார்கள். மரத்தின்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றி ஓடினார்கள். வழியில் ஒரு மரத்தருகே மறியல் செய்துகொண்டிருந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தடுத்துவிடுவார்களோ என்று நினைத்தேன். அதில் ஒருவர் எழுந்துவந்து, “அண்ணே, நீ மூச்சு வாங்கிக்கோ” என்று மூங்கிலுக்குத் தன் தோளைக் கொடுத்தார். நான் இயேசுவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். கமலா அண்ணி மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்.

ஆஸ்பத்திரியில் ரூத் பிழைத்தாள். கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற முடிந்தது. பிள்ளை வயிற்றிலேயே இறந்திருந்தது. ஆண் பிள்ளை. என் பழைய புடவையில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். தலை நிறைய முடி.

அண்ணாமலை வாசலில் நின்றிருந்தார். உங்களுக்கு நான் என்ன செய்வேன் என்று அழுதேன். “உங்க பொண்ணு போட்ட சோறு இன்னும் வயித்துல இருக்குதும்மா” என்று சொல்லிவிட்டு, தங்கள் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போக மற்றவர்களோடு வந்த வழியே நடந்தார்.

வீடு திரும்பிய பிறகு ரூத் கோயிலுக்கு வரவில்லை. மாப்பிள்ளை நல்ல மனுஷர், அவளை விட்டு நகராமல் பக்கத்திலேயே இருந்தார். அவரோடும் அவள் பேசவில்லை. பால் கட்டி, மார்பு வலித்து, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பாள். போதகர் வந்து வசனம் சொன்னார். எனக்கு அது காதில் ஏறவில்லை. பசித்தவர்களுக்குச் சோறு போட்ட பிள்ளைக்கா இப்படி என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

ஒரு நாள் காலையில் அடுப்படியில் சத்தம் கேட்டுப் போனேன். ரூத் உலை வைத்துக்கொண்டிருந்தாள். அரிசியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துச் சபை டப்பாவில் போட்டாள். மறுபடியும் கையை விட்டு இன்னொரு பிடி எடுத்தாள்.

“அது யாருக்குடி?” என்றேன்.

“அவனுக்கும்மா. அவன் இருந்தா சாப்பிடுவான் இல்ல, அந்தப் பங்கு.”

அடுப்பு முன்னால் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். அவள் வாயைத் திறந்து அழுதது அன்றைக்குத்தான். என் மகளை ஆண்டவர் எனக்குத் திரும்பக் கொடுத்தது ஆஸ்பத்திரியில் அல்ல, அந்த அடுப்படியில்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் சபையில் பிடி அரிசியை ஏலம் விடுவதில்லை. மலையிலிருந்து வேலைக்கு இறங்குகிறவர்களுக்குக் கோயிலிலேயே ஆக்கிப் போடுகிறோம். மூப்பர்தான் முன்னால் நின்று பரிமாறுகிறார். கூரை வெகுநாள் பாதியாகவே கிடந்தது, மழைக்கு நனைந்துகொண்டேதான் பாடினோம். கோயிலுக்குக் கொடுப்பது தர்மமா என்று கமலா அண்ணி இப்போது கேட்பதில்லை. மாதம் ஒருமுறை ஒரு படி அரிசி கொண்டுவந்து டிரம்மில் கொட்டிவிட்டு, “ஒழுங்கா ஆக்குங்கடி” என்று அதட்டிவிட்டுப் போகிறார்.

பிரியமானவர்களே, கேட்டது முழுதும் கிடைக்காமல் இங்கே யாராவது உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனாலும் ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். கணக்குப் பார்க்காமல் ஒரு பிடி எடுத்து வையுங்கள். அது எந்தத் தோளாகத் திரும்பி வரும் என்று நமக்குத் தெரியாது. வராமலும் போகலாம், அப்போதும் எடுத்து வையுங்கள். ரூத் இன்றைக்கும் உலை வைக்கும்போது இரண்டு பிடிதான் எடுக்கிறாள்.