சந்தைக் கூடத்துக்கு அடியில் ஒரு பச்சைச் சுவர்

ஜெர்மனியில் வுப்பர்டாலுக்குப் பக்கத்து நகரமொன்றின் பழைய சந்தைக் கூடத்தில் நானும் கணவரும் மரக்கறிக்கடை வைத்திருக்கிறோம். செங்கல் சுவர்கள், வார்ப்பிரும்புத் தூண்கள், ரயில் நிலையத்தில் போல உயர்ந்த கண்ணாடிக் கூரை. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து கூரை நொறுங்கியதாம், தூண்கள் தப்பிவிட்டன. எத்தனை தரம் பெயின்ட் அடித்தும் அவற்றிலுள்ள பள்ளங்கள் மறையவில்லை.

கூடத்துக்கு அடியில் கடைக்காரர்களின் கிடங்குகள். எங்களுடையதன் பின்சுவரைத் தட்டினால் அந்தப் பக்கம் வெற்றிடம் போல ஒலிக்கும். கட்டடத்தைத் திருத்த வந்த பொறியியலாளப் பெண்மணி போன மாரியில் அதை உடைப்பித்தார். பின்னால் யன்னல் இல்லாத ஓர் அறை. சுவரோரம் ஆட்கள் இருக்க நீளமான மரவாங்குகள்.

"குண்டு போடும்போது சந்தைக்கு வந்த சனங்கள் இங்கேதான் பதுங்கியிருக்கிறார்கள்" என்றார்.

கணவர் கிடங்கிலேயே நின்றுவிட்டார். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் விமானக் குண்டுக்குப் பயந்து பங்கர் குழிக்குள் கிடந்தவர். "நீர் போய்ப் பாரும். எனக்கு ஏலாது."

நான் உள்ளே போனேன். பெண்மணி உடைப்பில் நின்றபடி பிளாஷ் போட்டுப் படமெடுத்துவிட்டுக் கைவிளக்கை அணைத்தார். எதிர்ச்சுவர் முழுவதும் பச்சையாக ஒளிர்ந்தது. இருட்டில் ஆட்கள் தடுமாறாமல் இருக்க அந்த நாளில் பூசிய பூச்சாம். பட்ட வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருக்கும். நான் மறைத்த இடம் மட்டும் கறுப்பாக இருந்தது. விலகினேன். என் நிழல் விலகவில்லை. சிரித்துவிட்டேன்.

பிறகுதான் இன்னொரு நிழலைக் கண்டேன். என்னுடையதற்குப் பக்கத்தில், வாங்கின் மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பது போல, சிறியதாக.

"அங்கே பூச்சு உதிர்ந்திருக்கும்" என்றார் பெண்மணி.

தடவிப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தது. என்னை வெளியே கூப்பிட்டுவிட்டு மறுபடியும் பிளாஷ் அடித்தார். இந்தமுறை சுவர் முழுக்கப் பச்சை. எங்கும் கறுப்பில்லை.

"மேலே போவோம்" என்றார். மூவரும் படியேறினோம்.

கடையில் வைத்துக் கணவரிடம் சொன்னேன். பகிடி பண்ணிச் சிரிப்பார் என்று நினைத்தேன்.

"வாங்கிலயோ இருந்தது? நிலத்திலயோ?"

"வாங்கில."

"அப்ப இன்னும் குண்டு விழத் தொடங்கேல்ல. விழத் தொடங்கினா அம்மாமார் பிள்ளையளை நிலத்தோட அமத்திப்போடுவினம்."

வேறு கிடங்கு கேட்போமா என்றேன்.

"வேண்டாம்" என்றார். "அந்தப் பிள்ளையைத் தனிய விடக்கூடாது."

இப்போது வெங்காய மூட்டை எடுக்க அவர்தான் கீழே போகிறார். போனால் உடனே வருவதில்லை.