நாலாவது குழந்தைக்குக் குப்பாயி என்று பெயர்

இன்று அரியலூர் பஸ்ஸில் போனில் கேம் விளையாடிக்கொண்டு வந்தேன். நூறு வருடத்துக்கு முந்தைய குடும்பத்தை வாழவைக்கும் சேலஞ்ச். குழந்தை பிறந்ததும் பகடை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் குழந்தை செத்துவிடும்.

மூன்று போய்விட்டன.

பக்கத்து சீட்டில் என் வயதுப் பெண் எட்டிப் பார்த்தாள். "அடுத்ததுக்குக் குப்பாயின்னு வைங்க. குப்பைன்னு எமன் விட்டுட்டுப் போயிடுவான். எனக்கு முன்னாடியும் மூணு பேரு போயிட்டாங்க. என் பேரும் அதான்."

வைத்தேன். ஆறு விழுந்தது.

ஆனால் திரையில் தொட்டிலைச் சுற்றி மூன்று குட்டிப் பேய்கள் வந்து நின்றன.

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. பாத்துட்டு இருப்பாங்க, அவ்ளோதான்" என்றாள்.

ரெட்டிபாளையத்தில் அவள் இறங்கும்போது படியில் நின்று திரும்பி, "வாங்க, எறங்கலாம்" என்றாள். அவளுக்குப் பின்னால் யாருமே இல்லை.

கண்டக்டர் கொஞ்சம் காத்திருந்துதான் விசில் அடித்தார்.

கேமை அழித்துவிடலாம். ஆனால் அந்த நாலு பேரும் எங்கே போவார்கள்? யாராவது சொல்லுங்கள்.